சாய்த்து அறைய வேண்டும்

அரைச் சாண் நீளம், இருவிரல் அகலம்,
முதுகு தட்டை, உள்ளே குடைவு,
மேலும் கீழும் ஒவ்வோர் ஆணித்துளை.
மெசூசா என்று எழுதியிருந்தாள் ஷோஷனா.
வாட்சப்பில் குரலாகவும் அனுப்பினாள்.
நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம்.
தவசீலிக்கு அது காய்ச்சல் குளிசையின் பெயர்போல் இருந்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போகும் றோட்டில்
டயர் ஒட்டும் கடைக்குப் பின்னால் எங்கள் கொட்டில்.
யானை, மயில், பெயர்ப்பலகை, வேல்,
நத்தாருக்கு மாட்டுத்தொழுவம்,
கேட்டதைச் செதுக்குவோம்.
யூத வீட்டுக்கு இதுதான் முதல்.

ஸ்காபரோவில் என் மச்சாள் கோமளரூபிக்கு
மேல்மாடிக்காரி இவள்.
நாங்கள் கடைந்த உப்புச்சிமிழைக் கண்டுதான்
பன்னிரண்டு கேட்டாள்.
கதவுநிலையில், உள்ளே போகையில் வலப்பக்கம்,
தோள் உயரத்தில் அறைவார்களாம்.
உள்ளே தோலில் எழுதிய சுருள்.
அச்சடித்தால் செல்லாது.
கையால் எழுதியும் ஓர் எழுத்து உடைந்தால் செல்லாது.
அந்த இடத்தில் எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது.

அறைவதும் நேராக அல்ல, சாய்த்து.
நிமிர்த்து என்றாராம் ஒரு பெரியவர்,
கிடத்து என்றாராம் மற்றவர்,
நெடுங்காலம் வாதாடிக் கடைசியில்
இருவருக்கும் பாதி.
கிறிஸ்ரி சிரித்தான்:
"எங்கட சங்கக் கூட்டம் ஒருநாளாவது இப்பிடி முடிஞ்சிருக்கா?"

முகப்பில் ஓர் எழுத்து வேண்டுமென்று படம் வந்தது.
பார்த்தால் எங்கள் 'ய'.
'ஷ' என்று வாசிக்க வேண்டுமாம்.
அவள் பெயரின் முதலெழுத்தும் அதுவே.
அவளைத் தமிழில் எழுத
நாங்கள் இரவல் எழுத்து எடுக்கிறோம்.
அவளோ எங்கள் யகரத்தை வைத்துக்கொண்டு
வேறு ஒலி எழுப்புகிறாள்.
கைப்பழக்கம் விடவில்லை,
இரண்டு நாள் என் உளி தமிழிலேயே வெட்டியது.
மூன்று பெட்டி வீண்.

கதவுநிலை.
அந்தச் சொல்லில் நான் கொஞ்சம் நின்றேன்.
மல்லாவியிலிருந்து புறப்பட்டபோது
உழவு இயந்திரப் பெட்டியில் கதவை ஏற்றினோம்,
நிலையையும் பெயர்த்து.
தருமபுரத்தில் கதவு எங்களுக்குப் படுக்கை.
சுதந்திரபுரத்தில் பங்கருக்குக் கூரை,
அதன்மேல் மண்மூட்டை.
நிலையை மாத்தளனில் கஞ்சிக்கு எரித்தோம்.
நல்ல முதிரை. புகையே இல்லை.

இதை ஷோஷனாவுக்கு எழுதவில்லை.
அவள் கேட்டது பெட்டி.

ஏழாவதைக் குடையும்போது உளிமுனை தெறித்தது.
மரத்துக்குள் செல்துண்டு,
நகத்தளவு, சுற்றிலும் கருநீலம் ஊறி.
இங்கே மரம் வாங்கினால்
காந்தம் வைத்துத் தடவித்தான் வாங்குவோம்.
இது தப்பியிருக்கிறது.
குறட்டால் பிடுங்கினேன். அந்தப்பக்கம் வெளிச்சம் தெரிந்தது.
படமெடுத்து, விலையில் கால்வாசி குறைக்கிறேன் என்று அனுப்பினேன்.
அவள் அழுவாள், அதையே தனக்கென்று வைத்துக்கொள்வாள்
என்று பந்தயம் கட்டினாள் தவசீலி.
மறுமொழி வந்தது:
வேண்டாம், மழை உள்ளே போனால் எழுத்துக் கரையும்,
வேறொன்று செய்து தாருங்கள்.
தவசீலி எனக்கு இரண்டு ரோல்ஸ் கடன்.

தபாற்கந்தோரில் பொதியைக் குலுக்கிப் பார்த்தார் அலுவலர்.
உள்ளே என்ன?
பெட்டி.
பெட்டிக்குள்?
ஒன்றுமில்லை, அங்கே எழுதிப் போடுவார்கள்.
ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு முத்திரைக் காசு
என்று முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார்,
ஒரு முத்திரை சாய்ந்துபோயிற்று.

ஓட்டைப் பெட்டி இப்போது
கொட்டில் வாசல் கப்பில்,
ஒரே ஆணியில் தானாகவே சரிந்து.
உள்ளே எதையும் வைக்கவில்லை.
அங்கே வைக்கும் சொற்கள் எங்களிடம் இல்லை.
போன கிழமை ஒரு குளவி வந்து
உருண்டை உருண்டையாய் மண் சுமந்து
அந்த ஓட்டையைப் பூசி அடைத்தது.
என்னால் அவ்வளவு வழவழப்பாய்த் தேய்க்க முடியாது.
கிறிஸ்ரி தட்டிவிடப் போனான்.
குஞ்சு வெளியேறும் மட்டும் பொறு என்றேன்.

அடுத்த ஓடர் இருபத்துநாலு.
புதுக்குடியிருப்புச் சந்தையில்
பெரிய காந்தம் ஒன்று பார்க்க வேண்டும்.